முத்திரையும் ஓர் அமானத்தே

(நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவு நடத்திய குடும்பங்கள் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களிடம் நாம் வழக்கமாகச் சில கேள்விகள் கேட்கிறோம். மாதம் மருந்துக்கு எவ்வளவு ஆகிறது, எந்த ஆஸ்பத்திரியில் காட்டுகிறீர்கள், மருந்து தவிர வேறென்ன வாங்குகிறீர்கள் என்று. அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் இன்றைய பேச்சுக்குக் காரணம். சத்து மாவு டப்பா, பழச்சாறு பாக்கெட், கிருமி போக்கும் சோப்பு, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி என்று ஒரு பட்டியல் வருகிறது. கடன் வாங்கி மருந்து வாங்கும் வீட்டில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், "டாக்டர்கள் சங்கமே சொல்லியிருக்கு, டப்பாவிலேயே போட்டிருக்காங்களே" என்கிறார்கள்.

படிக்காதவர்கள் மட்டும் சொல்லவில்லை. பட்டம் படித்த பிள்ளைகளும் சொல்கிறார்கள். சங்கத்தின் முத்திரை ஒரு பொருளின் மேல் இருந்தால், மருத்துவர்கள் ஒன்றுகூடி அதைச் சோதித்துப் பார்த்து, நல்லது என்று முடிவு செய்து, நம் நன்மைக்காகச் சொல்கிறார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்த முத்திரை அங்கே எப்படி வருகிறது, அதற்கு யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சங்கம் என்றால் என்ன

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மருத்துவர் சங்கங்கள் வேண்டியவை. இந்திய மருத்துவ சங்கம் 1928ஆம் ஆண்டு கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. இன்று மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் அதில் உறுப்பினர்கள். நம் ஊர் போன்ற சிற்றூர்களிலும் அதற்குக் கிளைகள் உண்டு. இது தவிர குழந்தை மருத்துவர்களுக்கு, இதய மருத்துவர்களுக்கு, சர்க்கரை வியாதி மருத்துவர்களுக்கு என்று தனித்தனிச் சங்கங்கள் இருக்கின்றன. புதிய சிகிச்சை முறைகளை உறுப்பினர்களுக்குக் கற்றுக்கொடுப்பது, எந்த நோய்க்கு எந்த மருந்தை முதலில் கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் எழுதுவது, தடுப்பூசி பற்றி மக்களிடம் பேசுவது, அரசிடம் கோரிக்கை வைப்பது எல்லாம் இந்தச் சங்கங்களின் வேலை. உங்கள் டாக்டர் எழுதும் சீட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ஏதோ ஒரு சங்கத்தின் வழிகாட்டுதல் இருக்கும்.

இந்த வேலைகளுக்குப் பணம் வேண்டும். உறுப்பினர் சந்தா போதுவதில்லை. பெரிய ஓட்டலில் மாநாடு, வெளியூரிலிருந்து பேச்சாளர்கள், சாப்பாடு, பை, மலர் என்று செலவு ஏறுகிறது. அந்த இடத்தில்தான் மருந்துக் கம்பெனியும் உணவுப் பொருள் கம்பெனியும் கருவி விற்கும் கம்பெனியும் வந்து, "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கின்றன. மாநாட்டு அரங்கின் வாசலில் அவர்களுடைய கடை விரிக்கப்படுகிறது. உள்ளே பேசுவோரின் பயணச் செலவையும் சில நேரம் அவர்களே ஏற்கிறார்கள்.

லஞ்சம் என்று சொல்லவில்லை

இதைக் கேட்டதும் சிலர், "அப்படியென்றால் டாக்டர்கள் லஞ்சம் வாங்குகிறார்கள் என்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. இதற்கு 'நலமுரண்' என்று பெயர். ஒருவர் ஒரு பொறுப்பில் இருக்கிறார். அந்தப் பொறுப்பு ஒரு பக்கம் இழுக்கிறது; அவருக்கு வரும் ஆதாயம் மறுபக்கம் இழுக்கிறது. அவர் தவறு செய்தார் என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த நிலையில் அவர் நிற்பதே சிக்கல்தான்.

நம் மஹல்லாவில் நடப்பதை வைத்தே பாருங்கள். ஒரு கணவன் மனைவி தகராறு ஜமாஅத்துக்கு வருகிறது. விசாரிக்கும் ஐந்து பேரில் ஒருவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். அவர் ஐந்து வேளை தொழுபவர், பொய் பேசாதவர், எல்லோருக்கும் தெரியும். ஆனாலும், "மாமா, நீங்கள் இந்த ஒரு விசாரணையில் உட்கார வேண்டாம்" என்று நாம் சொல்கிறோம். அவரும் எழுந்து போய்விடுகிறார். அவரை யாரும் பொய்யர் என்று சொல்லவில்லை. பெண் வீட்டாருக்குத் தீர்ப்பின் மேல் நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காக அவர் விலகுகிறார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, கொண்டுவந்ததை இரண்டாகப் பிரித்து வைத்த சம்பவம் நீங்கள் ஜும்ஆ பயான்களில் கேட்டதுதான். ஒரு பங்கு பொதுவுக்கு, மறு பங்கு தனக்கு வந்த அன்பளிப்பு என்றார் அவர். நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி நின்று, இவர் தம் பெற்றோர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கும் செய்தி இது. அந்த அன்பளிப்பு ஆளுக்காக வரவில்லை, அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்காக வந்தது. இன்று ஒரு சங்கத்துக்குக் கம்பெனி கொடுக்கும் நன்கொடையையும் இதே கேள்வியால் சோதித்துப் பார்க்கலாம். மருந்து எழுதும் கை அந்தச் சங்கத்தில் இல்லாவிட்டால், இந்தப் பணம் வந்திருக்குமா?

பழச்சாறும் ஓட்ஸும்

நம் நாட்டில் நடந்ததையே சொல்கிறோம். 2008ஆம் ஆண்டு இந்திய மருத்துவ சங்கம் பெப்சிகோ கம்பெனியுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. டிராப்பிகானா பழச்சாறு, குவேக்கர் ஓட்ஸ் ஆகிய இரண்டு பொருட்களிலும் சங்கத்தின் பெயரையும் சின்னத்தையும் போட்டுக்கொள்ள அனுமதி. மூன்று ஆண்டுகளுக்குச் சங்கத்துக்கு இரண்டேகால் கோடி ரூபாய் என்று அப்போது செய்தித்தாள்களில் வந்தது.

பழச்சாறு நல்லதுதானே என்று தோன்றும். நோயாளியை நலம் விசாரிக்கப் போகும்போது நாமே ஒரு ஜூஸ் டப்பா வாங்கிக்கொண்டுதான் போகிறோம். ரமலானில் நோன்பு திறக்க மஸ்ஜிதில் கொடுக்கிறோம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் நாம் டீயில் போடும் சர்க்கரையோடு சேர்த்தே கணக்கிடச் சொல்கிறது. முழுப் பழத்தைக் கடித்துத் தின்னும்போது அதிலுள்ள நார், சர்க்கரை இரத்தத்தில் வேகமாக ஏறாமல் தடுக்கிறது. சாறாக்கினால் அந்தத் தடை போய்விடுகிறது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 50 கிராமுக்கு மேல் இப்படிப்பட்ட சர்க்கரை வேண்டாம், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது அந்தக் கணக்கு. ஒரு தம்ளர் பழச்சாற்றிலேயே 20 கிராம் வரை வந்துவிடும். நம் நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்று 2023இல் வெளியான அகில இந்திய ஆய்வு சொன்னது. அப்படிப்பட்ட நாட்டில் மருத்துவர்களின் சங்கம் தன் சின்னத்தைக் கொடுத்தது பழச்சாற்றுக்கு.

இதை எதிர்த்து மருத்துவக் கவுன்சிலுக்குப் போனவரும் ஒரு மருத்துவர்தான். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த டாக்டர் கே. வி. பாபு. அவர் எடுத்துக்காட்டிய விதி புதிதன்று. 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, எந்த மருத்துவரும் பணம் வாங்கியோ வாங்காமலோ ஒரு வணிகப் பொருளுக்குப் பரிந்துரை கொடுக்கக் கூடாது. ஒரு மருத்துவருக்குக் கூடாதது லட்சக்கணக்கான மருத்துவர்களின் சங்கத்துக்கு எப்படி ஆகும் என்பதே அவர் கேள்வி. சங்கம் சொன்ன பதில், நாங்கள் சங்கம், உங்கள் விதி தனித்தனி மருத்துவருக்கு மட்டும்தான் என்பது. 2010ஆம் ஆண்டு இறுதியில் கவுன்சில் அந்தப் பதிலை ஏற்காமல், அப்போதைய சங்கத் தலைவர், செயலாளர் இருவரின் பெயரையும் ஆறு மாதம் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்க முடிவெடுத்தது. நிர்வாகக் குழுவில் இருந்த மற்றவர்களையும் கண்டித்தது.

அத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பின்னாட்களிலும் சோப்பு, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி போன்ற பொருட்களின் விளம்பரத்தில் சங்கத்தின் பெயர் வந்துகொண்டுதான் இருந்தது. விதியிலேயே ஒரு கதவு திறந்துவிடப்பட்டது. 2009 டிசம்பரில் கவுன்சில் ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தது. மருந்துக் கம்பெனிகளிடமிருந்து பரிசு, பயணம், விருந்தோம்பல், பணம் எதையும் மருத்துவர்களும் மருத்துவர் சங்கங்களும் வாங்கக் கூடாது என்றது அது. 2016இல் அதே பகுதி மறுபடியும் திருத்தப்பட்டது. தனி மருத்துவர் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு வாங்கினால் என்ன தண்டனை என்று அட்டவணை போட்டார்கள். அதே திருத்தத்தில் 'மருத்துவர் சங்கங்கள்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். ஒரு டாக்டர் ஐயாயிரம் ரூபாய்க்குப் பரிசு வாங்கினால் கண்டனம் உண்டு. அவர் சேர்ந்திருக்கும் சங்கம் கோடியில் வாங்கினால் இந்த விதி கேட்காது.

2023 ஆகஸ்ட் 2ஆம் தேதி தேசிய மருத்துவ ஆணையம் இன்னும் கடுமையான புதிய விதிகளை வெளியிட்டது. மருந்துக் கம்பெனி பணம் கொடுக்கும் மாநாடுகளில் மருத்துவர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்பதும் அதில் இருந்தது. மருத்துவர் சங்கங்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. அதே மாதம் 23ஆம் தேதி அந்த விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. பழைய 2002 விதிகளே திரும்ப வந்தன.

வெளிநாட்டிலும் இதே கதை

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. அமெரிக்க மருத்துவ சங்கம் 1847இல் தொடங்கப்பட்ட பழைய சங்கம். 1997இல் சன்பீம் என்ற வீட்டுக் கருவிக் கம்பெனியோடு அது ஒப்பந்தம் போட்டது. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, தெர்மாமீட்டர் முதலியவற்றில் சங்கத்தின் சின்னம் இருக்கும்; விற்பனையில் சங்கத்துக்குப் பங்கு வரும். அந்தக் கருவிகளைச் சங்கம் சோதித்துப் பார்க்கப் போவதே இல்லை என்பது தெரிந்ததும் மருத்துவர்களே கொதித்தெழுந்தார்கள். சங்கம் பின்வாங்கியது. கம்பெனி வழக்குப் போட்டது. 1998இல் 99 லட்சம் டாலர் கொடுத்துச் சங்கம் சமரசம் செய்துகொண்டது.

அதில் பணம்தான் போனது. உயிர் போன கதையும் உண்டு. 1990களின் நடுவில் அமெரிக்க வலி மருத்துவச் சங்கம் ஒரு கருத்தைப் பரப்பியது. நாடி, மூச்சு, உடல் சூடு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கோடு, வலியையும் ஐந்தாவதாக ஒவ்வொரு நோயாளியிடமும் அளக்க வேண்டும் என்றது. கேட்க நல்ல கருத்துதான். அதே காலத்தில் அபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரைகள் சந்தைக்கு வந்தன. அவை பயப்படாமல் எழுதித் தரக்கூடியவை என்ற எண்ணம் மருத்துவர்களிடையே வளர்ந்தது. அடிமைப் பழக்கம் பெருகியது. 1999 முதல் 2019 வரை அபின் வகை மருந்தாலும் போதைப் பொருளாலும் அந்த நாட்டில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் மாண்டார்கள் என்பது அரசின் கணக்கு. 2018இல் அமெரிக்க செனட் அறிக்கை ஒன்று வெளியானது. இந்த மாத்திரை தயாரித்த ஐந்து கம்பெனிகள், 2012 முதல் 2017 வரை, வலி சிகிச்சை சார்ந்த 14 சங்கங்களுக்கும் நோயாளர் அமைப்புகளுக்கும் ஏறத்தாழ 90 லட்சம் டாலர் கொடுத்திருந்தன. வலி மருத்துவச் சங்கமும் அந்தப் பதினான்கில் ஒன்று. வழக்குகள் சூழ, 2019இல் அது திவால் நோட்டீஸ் கொடுத்து மூடப்பட்டது.

அந்தச் சங்கத்தில் இருந்த மருத்துவர்கள் கொல்ல வேண்டும் என்று கூடியவர்கள் இல்லை. வலியால் துடிப்பவர்களுக்கு உதவ வேண்டும் என்று வந்தவர்களே பெரும்பாலோர். ஆனால், இந்த மாத்திரையில் ஆபத்து இருக்கிறதே என்று உரக்கக் கேட்க வேண்டிய இடம், அந்த மாத்திரை விற்கும் பணத்தில் நடந்துகொண்டிருந்தது.

முடியாத காரியமா?

கம்பெனிப் பணம் இல்லாமல் சங்கம் நடத்த முடியாது என்று சொல்வார்கள். குழந்தை மருத்துவத்தில் நடந்ததைப் பாருங்கள். தாய்ப்பாலுக்குப் பதிலாகப் புட்டிப்பால் பவுடர் விற்கும் கம்பெனிகள் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே வந்து டப்பா கொடுத்தன. சுத்தமான தண்ணீர் இல்லாத வீடுகளில் அந்தப் பவுடரைக் கரைத்துக் கொடுத்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்தன. 1981இல் உலக சுகாதாரப் பேரவை இதற்கு எதிராக ஒரு விதித்தொகுப்பை ஏற்றது. இந்தியா 1992இல் தனிச் சட்டமே போட்டது. 2003இல் அதை இன்னும் இறுக்கியது. குழந்தைப்பால் கம்பெனிகள் மருத்துவருக்கோ மருத்துவர் சங்கத்துக்கோ பரிசு, மாநாட்டுச் செலவு, கருத்தரங்கு, ஆராய்ச்சிப் பணம் எதுவும் தரக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். இதில் சங்கத்துக்கு விலக்கு இல்லை. பிரிட்டனில் குழந்தை மருத்துவர்களின் ராயல் கல்லூரியும் 2019இல் பால் பவுடர் கம்பெனிகளிடம் இனிப் பணம் வாங்குவதில்லை என்று முடிவு செய்தது. குழந்தை மருத்துவர்களின் சங்கங்கள் இன்றும் நடக்கின்றன, மாநாடுகளும் நடக்கின்றன. பால் பவுடரில் முடிந்தது மருந்திலும் முடியும்.

நம் பணப்பைக்கு எப்படி வருகிறது

கம்பெனி டாக்டருக்குக் கொடுத்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் என்ற மருந்துக் கம்பெனி, ஒரு சத்து மாத்திரையை விளம்பரப்படுத்த மருத்துவர்களுக்குக் கொடுத்த பரிசுகளுக்கு ஆன நாலே முக்கால் கோடி ரூபாய் அளவிலான செலவை வருமான வரியில் கழித்துக்கொள்ள அனுமதி கேட்டிருந்தது. மருத்துவர் வாங்கக் கூடாது என்றுதான் விதி, கொடுக்கக் கூடாது என்று இல்லையே என்பது கம்பெனியின் வாதம். வாங்குவது தவறு என்றால் கொடுப்பதும் சரியாகாது என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மாநாட்டுக் கட்டணம், தங்கக் காசு, டிவி, ஃபிரிட்ஜ், லேப்டாப் எல்லாம் அந்தத் தீர்ப்பில் பேசப்படுகின்றன. இவை இலவசம் இல்லை, இந்தச் செலவு மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையில் விடிகிறது என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். நம் மருத்துவ உதவி நிதியும் இப்படித்தான் கரைகிறது. நீங்கள் கொடுக்கும் ஜகாத்திலும் சதக்காவிலும் ஒரு பங்கு, யாரோ ஒருவருடைய மாநாட்டுச் சாப்பாட்டுக்குப் போகிறது.

2024 மார்ச்சில் மத்திய அரசு மருந்து விற்பனைக்கு ஒரு நடத்தைக் குறியீடு வெளியிட்டது. பரிசும் வெளிநாட்டு மாநாடும் கூடாது என்கிறது. நல்லதுதான். ஆனால் புகார் வந்தால் விசாரிப்பது மருந்துக் கம்பெனிகளின் சங்கங்கள் அமைக்கும் குழுவே. தாய்மாமன் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்காவில் எந்த மருத்துவருக்கு எந்தக் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்பதை 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி யாரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். அப்படி ஒரு பொதுப் பதிவேடு நம் நாட்டில் இல்லை. அது வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. சங்கங்கள் வாங்கும் பணமும் அதில் வர வேண்டும்.

2024 ஏப்ரலில் பதஞ்சலி விளம்பர வழக்கில் இந்திய மருத்துவ சங்கம்தான் வாதி. தவறான விளம்பரங்களைத் தடுக்கக் கேட்டு அது உச்சநீதிமன்றம் போயிருந்தது, நியாயமான வழக்கு. ஆனால் நீதிபதிகள் சங்கத்தைப் பார்த்து, நீங்கள் ஒரு விரலை அவர்கள் பக்கம் நீட்டும்போது நான்கு விரல்கள் உங்களை நோக்கி இருக்கின்றன என்ற கருத்தில் கேட்டார்கள். நல்ல காரியத்துக்காகப் பேச எழுந்த சங்கம் இப்படி ஒரு பதில் கேட்க வேண்டி வந்ததே, அதுதான் நஷ்டம். நாளை தடுப்பூசி போடுங்கள் என்று அதே சங்கம் சொல்லும்போதும் மக்கள் சந்தேகப்படுவார்கள்.

சந்தேகம் எல்லை தாண்டக் கூடாது

அந்த இடத்தில்தான் எங்களுக்கு அதிகக் கவலை. இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாராவது வீட்டுக்குப் போய், "மருந்தெல்லாம் கம்பெனிக்காரன் ஏற்பாடு" என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டால், நாம் நன்மை செய்யப் போய்ப் பாவத்தைத் தேடிக்கொண்டவர்களாவோம். வாட்ஸ்அப்பில் அப்படிப்பட்ட செய்திகள் நிறைய வருகின்றன. இன்சுலினை விட்டுவிட்டு ஏதோ ஒரு கஷாயத்தை நம்பிக் காலை இழந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தக் கஷாயத்தை விற்பவருக்கும் ஆதாயம் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். அவரை விசாரிக்கக் கவுன்சிலும் இல்லை, அவர் மேல் புகார் கொடுக்கக் கண்ணூர் டாக்டரும் இல்லை.

எனவே குடும்பங்களுக்கு நாங்கள் சொல்வது இவ்வளவுதான். மருத்துவர் எழுதிய மருந்தை அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். குழந்தைகளுக்குத் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். டப்பாவின் முன்பக்கம் யார் முத்திரை இருந்தாலும், பின்பக்கம் திருப்பிச் சர்க்கரை எத்தனை கிராம், உப்பு எவ்வளவு என்று படியுங்கள். கண்ணாடி இல்லாவிட்டால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். நலம் விசாரிக்கப் போகும்போது ஜூஸ் டப்பாவுக்குப் பதில் இரண்டு கொய்யாப்பழமோ ஆரஞ்சோ கொண்டுபோங்கள். டாக்டரிடம், "இதே மருந்து ஜெனரிக்கில் எழுத முடியுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். ஜெனரிக் பெயரில் எழுத வேண்டும் என்பது அதே 2002 விதிகளில் உள்ளதுதான். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் விலை கேட்டுப் பாருங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

நம்மை நாமே அளப்பது

இப்போது நம் பக்கம். அடுத்த மாதம் நாம் நடத்தவிருக்கும் சர்க்கரை வியாதி முகாமுக்கு முழுச் செலவையும் ஏற்கிறோம் என்று ஒரு கம்பெனி முன்வந்தது. பந்தல், இரத்தப் பரிசோதனை, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு முகாம் மேடையில் அவர்கள் பேனர், வருகிறவர்களுக்கு அவர்களுடைய சத்து பவுடர் மாதிரிப் பாக்கெட், அவர்கள் அழைத்துவரும் ஒருவர் பேச அரை மணி நேரம், வருகிறவர்களின் பெயரும் போன் நம்பரும். நிர்வாகக் குழு இரண்டு முறை கூடிப் பேசி, வேண்டாம் என்று பதில் எழுதியது.

இதில் சிலருக்கு வருத்தம் இருப்பது எங்களுக்குத் தெரியும். "வீடு தேடி வந்த பணத்தை ஏன் திருப்பினீர்கள், ஏழைகளுக்குத்தானே போகிறது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முகாம் சிறியதாகத்தான் இருக்கும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் பரிசோதனையை எல்லோருக்கும் செய்ய முடியாது. ஏற்கனவே வியாதி உள்ளவர்களுக்கு மட்டும் செய்து, மற்றவர்களை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவோம். இதை மறைக்கவில்லை. ஆனால் நம் மேடையில் அந்தப் பேனர் தொங்கினால், நம் ஊர்த் தாய்மார்கள் அதை நம் அறக்கட்டளையின் சொல்லாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். மாதம் ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்கு அந்தப் பவுடரை வாங்கத் தொடங்குவார்கள். பிறகு மாத்திரைக்குப் பணம் இல்லை என்று நம்மிடமே வருவார்கள். டாக்டர்கள் சங்கத்தைப் பார்த்து எந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ, அதே கேள்வி நம்மைப் பார்த்தும் வரும். இந்த அறக்கட்டளையின் பெயர் உங்கள் வாப்பாமார்களும் பாட்டன்மார்களும் சேர்த்து வைத்த அமானத். அதை வாடகைக்கு விட எங்களுக்கு உரிமை இல்லை.

நிர்வாகக் குழு எடுத்த முடிவுகளை உங்கள் முன் வைக்கிறோம். மருந்து, உணவுப் பொருள், ஆஸ்பத்திரி வியாபாரத்தில் உள்ள எந்த நிறுவனத்திடமிருந்தும் மருத்துவ முகாமுக்குப் பணமோ பொருளோ வாங்குவதில்லை. முகாமில் எந்தப் பொருளின் மாதிரியும் கொடுக்கப்படாது. வருகிறவர்களின் பெயர், போன் நம்பர், வியாதி விவரம் வெளியே போகாது. மருத்துவ நிதிக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள், எதற்குச் செலவானது என்ற கணக்கு ஒவ்வொரு காலாண்டும் இந்த மடலில் வரும்; பெயர் வேண்டாம் என்று சொல்லும் தனிநபர் சதக்காவுக்கு மட்டும் பெயர் போடாமல் தொகையைப் போடுவோம். நிர்வாகிகளில் யாருக்காவது மெடிக்கல் ஷாப்பிலோ ஆய்வகத்திலோ பங்கு இருந்தால், அதை எழுதிக் கொடுத்துவிட்டு, அது தொடர்பான பேச்சு வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும். இதில் குறை இருந்தால் பொதுக்குழுவில் எழுந்து சொல்லுங்கள், திருத்திக்கொள்வோம்.

முகாமுக்கு வந்து பார்க்க நம் வட்டாரத்து மருத்துவர்கள் நால்வர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரும் கட்டணம் கேட்கவில்லை. பேனர் யாருடையது என்றும் பேச்சு வரவில்லை. பரிசோதனைச் செலவுக்கு மட்டும்தான் பணம் வேண்டும். ஒருவருடைய பரிசோதனைச் செலவை ஒரு குடும்பம் ஏற்றுக்கொண்டால், எத்தனை குடும்பங்கள் முன்வருகின்றனவோ அத்தனை பேருக்குச் செய்துவிடலாம். சிறு தொகையாக இருந்தாலும் அலுவலகத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள், நிர்வாகியாக இருந்தாலும் சரி.

நம் மருத்துவர்களுக்கு அல்லாஹ் நல்ல துணிவையும், நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவையும், பொறுப்பில் இருக்கும் நம் எல்லோருக்கும் கணக்குக் கொடுக்கும் நாளின் நினைவையும் தருவானாக. ஆமீன். முகாமுக்குப் பெயர் கொடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு வர வேண்டும், பழைய மருந்துச் சீட்டை மறக்காமல் எடுத்து வர வேண்டும்.

வஸ்ஸலாம்.